லூக்கா தொட்டியில் போட்டது

ஜனவரி 3, புதன்

மதர் ஜெயராக்கினி காலையில சாவிக்கொத்தை என் கையில வச்சு, "தெக்லா, இனிமே ரசக்கூடம் உன் பொறுப்பு"ன்னு சொல்லிட்டாங்க. வாங்கும்போதே சாவி கீழ விழுந்துச்சு. ஆரம்பமே அமோகம்.

எங்க மறைமாவட்டத்துல அறுபத்திரண்டு பங்கு. அத்தனை கோவில்லயும் பூசைக்கு வைக்கிற திராட்சை ரசம் இந்த மடத்துல இருந்துதான் போகுது. முப்பது வருஷமா லுத்வினா சிஸ்டர் போட்டாங்க. அக்டோபர்ல அவங்களைக் கல்லறையில வச்சாச்சு. கம்பம் பள்ளத்தாக்குல இத்தனை சிஸ்டர்மார் இருக்கும்போது என்னை ஏன் பிடிச்சாங்கன்னு எனக்குத் தெரியும். ஹாஸ்டல்ல நடந்ததுக்கு அப்புறம் என்னை அடுப்புப் பக்கம் விட யாருக்கும் தைரியமில்லை. நாப்பது பிள்ளைங்களுக்கு ஒரே நாள்ல வாந்தி. சாம்பார் நான் வச்சது. யாருக்கும் உயிருக்கு ஒண்ணும் ஆகலை, மாதாவுக்கு நன்றி. ஆனா மதர் அன்னைக்குச் சொன்னது இன்னும் காதுல இருக்கு: "இன்னொரு தடவை இப்படி ஒண்ணு நடந்தா உன்னை நான் எங்கேன்னு அனுப்புவேன், தெக்லா?"

கூடத்துல நாலு எவர்சில்வர் தொட்டி. ஒவ்வொண்ணும் இருநூறு லிட்டர். லுத்வினா சிஸ்டர் சிவப்பு பெயிண்டால பேர் எழுதி வச்சிருக்காங்க: மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான்.

அவங்களோட பழைய நோட்டையும் மதர் குடுத்தாங்க. ராசா வீட்டுச் சட்டம் மாதிரி இருக்கு. "தோல்தான் நிறம். கொட்டைதான் துவர்ப்பு, அது நசுங்கினால் கசப்பு. காம்பு ஒன்றுகூட விழக்கூடாது. சூடு ஏறினால் வாசனை ஓடிப்போகும். மழை பெய்தால் மூன்று நாள் பறிக்காதே, பழம் தண்ணீர் குடித்திருக்கும். தினமும் எழுது. வெயில், மழை, ருசி, செய்தது எல்லாம். மறைக்காதே." அதுக்குக் கீழ சிவப்பு மையில ரெண்டு கோடு போட்டு: "திராட்சையைத் தவிர எதுவும் சேரக்கூடாது. சேர்ந்தால் பூசைக்கு ஆகாது. பூசை செல்லாது."

தினமும் எழுதணுமாம். அதுக்குத்தான் இந்தப் புது நோட்டு. படிச்சதுல இருந்து ரெண்டு தடவை கக்கூஸ் போயாச்சு, இதையும் எழுதணுமா லுத்வினா சிஸ்டர்?

ஜனவரி 6, சனி

மேல் தோட்டத்துப் பன்னீர் திராட்சை மூணு தொட்டிக்கு ஆச்சு. மத்தேயு, மாற்கு, யோவான். ஒவ்வொரு கொத்தா காம்பு கிள்ளி, கை மெஷின்ல விட்டு நசுக்கினோம். விரலெல்லாம் ஊதா. பொழுது சாய ஆரம்பிச்ச மழை இன்னும் விடலை. கீழ்த் தோட்டம் பறிக்காம நிக்குது. அதுதான் லூக்காவுக்கு.

ஜனவரி 8, திங்கள்

கீழ்த் தோட்டத்துல பழம் வெடிக்க ஆரம்பிச்சிருச்சு. மூணு நாள் பொறுக்கணும்னு நோட்டுல இருக்கு. மூணு நாள் பொறுத்தா பழம் அழுகி ஈ மொய்க்கும், லூக்கா காலியா நிக்கும், மதர் வந்து பாப்பாங்க. பயத்துல இன்னைக்கே பறிக்கச் சொல்லிட்டேன். பழத்தை வாயில போட்டுப் பாத்தேன். தண்ணிதான். தண்ணிக்குள்ள லேசா திராட்சை ஞாபகம். சரி, புளிச்சுப் பொங்கினா சரியாயிரும்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

ஜனவரி 11, வியாழன்

மத்தேயு, மாற்கு, யோவான் மூணு பேரும் நல்லாப் பொங்குறாங்க. பக்கத்துல நின்னா கொசகொசன்னு சத்தம். தோலெல்லாம் மேல எழும்பி அடை மாதிரி நிக்குது. அதைத் துடுப்பால நாளைக்கு மூணு தரம் அமுக்கி விடணும், இல்லைன்னா வினிகர் மாதிரி காடியாயிரும். அமுக்கி அமுக்கித் தோள்பட்டை விட்டுப்போச்சு.

லூக்கா மட்டும் செத்த குளம் மாதிரி கிடக்கு. கண்ணாடி மிதவை ஒண்ணு இருக்கு. சாறு இனிப்பா இருந்தா மேல மிதக்கும், மெலிவா இருந்தா கீழ இறங்கும். மத்த மூணுலயும் நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்குது. லூக்காவுல போட்டா கழுத்து வரைக்கும் முங்கிப்போச்சு.

மதர் வந்தாங்க. மூணு தொட்டியில காதை வச்சுக் கேட்டுட்டு லூக்காகிட்ட வந்து நின்னாங்க. "இது ஏன் பேசலை?"ன்னாங்க. "கொஞ்சம் சாவகாசமாப் பேசும், மதர்"னேன். என்னை ஒரு பார்வை பாத்தாங்க. ஹாஸ்டல் பார்வை. "தவக்காலம் முடியறதுக்குள்ள அறுபத்திரண்டு பங்குக்கும் ரசம் போகணும், தெக்லா. பழைய இருப்பு எங்கயும் இல்லை"ன்னு சொல்லிட்டுப் போனாங்க.

ஜனவரி 13, சனி

இன்னைக்கு விசேஷம் ஒண்ணுமில்லை. மதியம் எல்லாரும் படுத்திருந்தாங்க. கீரை, மோர். வெயில் அடிச்சுது.

ஜனவரி 14, ஞாயிறு

லூக்கா பொங்கிருச்சு! காலையில கதவைத் திறந்தப்பவே சத்தம். தோல் அடை விளிம்பு வரைக்கும் எழும்பி நிக்குது. மதர் வந்து பாத்து சிலுவை போட்டுக்கிட்டு, "செபம் கேட்டுருச்சு பாத்தியா"ன்னாங்க. நானும் சிரிச்சேன். சிரிப்பு வந்த மாதிரிதான் இருந்துச்சு.

பத்து மணிக்கு சமையக்கட்டுல இருந்து வியாகுலம் வந்தா. பன்னெண்டு வருஷமா எங்க மடத்துக்குச் சமைக்கிறா. போன வருஷம்தான் புருஷன் தவறிப்போனார். "சிஸ்டர், மதர் பிறந்தநாளுக்குக் கேசரி பண்ண பத்து கிலோ சீனிப் பை பிரிக்காம வச்சிருந்தேன். காணோம். நீங்க யாராச்சும் எடுத்தீங்களா?"ன்னு கேட்டா.

"எறும்பு தூக்கிட்டுப் போயிருக்கும்"னேன்.

"பத்து கிலோவையா?"

"நம்ம ஊரு எறும்பு."

அவ சிரிக்கலை. சிரிக்கிற விஷயம் இல்லைதான். அவ போனப்புறம் துடுப்பைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டேன்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். எல்லாருக்கும் கருப்பட்டிக் காப்பி. லூக்கா காலடியில எறும்பு வரிசை. மஞ்சப்பொடி தூவினேன்.

ஜனவரி 21, ஞாயிறு

நாலு தொட்டியிலயும் தோலைப் பிழிஞ்சு எடுத்தாச்சு. இனிமே வண்டல் அடியில தங்கித் தெளியணும்.

பழைய நோட்டுல ரெண்டு பக்கம் சாறு பட்டு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ஈரத்துணி வச்சு மெதுவாப் பிரிச்சேன். உள்ள இருந்தது: "மழைச் சாறு மெலிவானால் கிஸ்மிஸ் போடு. கிஸ்மிஸும் திராட்சைதான். அதனால் தோஷமில்லை."

எட்டு நாள் முன்னாடி இந்தப் பக்கம் பிரிஞ்சிருக்கக் கூடாதா? சரி விடு. எனக்கெதுக்கு அது இப்ப.

எங்க வீட்டுல அம்மா கிறிஸ்துமசுக்கு ஜாடியில வைன் போடுவாங்க. ஒரு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ சீனி, ஒரு பிடி கோதுமை, நாலு கிராம்பு. அக்கம்பக்கம் எல்லா வீட்டுலயும் அப்படித்தான். பழம் புளிச்சா சீனி, பொங்கலைன்னா இன்னும் ரெண்டு கை சீனி. சின்னப் பிள்ளையில இருந்து பாத்த கை, பயந்துபோனா என்ன பண்ணும்? தனக்குத் தெரிஞ்சதைத்தான் பண்ணும்.

எதுக்கு இதை எழுதறேன்? சும்மா. அம்மா ஞாபகம்.

பிப்ரவரி 2, வெள்ளி

ஆயர் இல்லத்துல இருந்து ஃபாதர் இன்னாசிராஜ் ருசி பாக்க வந்தார். பங்குகளுக்கு ரசம் பிரிச்சு அனுப்புறது அவர் பொறுப்பு. எங்க மடத்துல பூசை வைக்கிற ஃபாதர் சந்தியாகுவும் வந்தார், எழுபத்தாறு வயசு, கைத்தடி. நாலு கிளாஸ்ல ஊத்தி வச்சேன்.

இன்னாசிராஜ் ஃபாதர் மத்தேயுவைக் குடிச்சார், தலையாட்டினார். மாற்கு, யோவான், அதே தலையாட்டல். லூக்காவைக் குடிச்சதும் கிளாஸைக் கீழ வைக்கலை. இன்னொரு வாய் குடிச்சார்.

"மத்ததெல்லாம் வாயில பட்டதும் ஓடிப்போகுது. இது நிக்குது, மதர். தொண்டையில சூடா இறங்குது. துவர்ப்பும் இருக்கு, வாய் நிறைய உருண்டையா இருக்கு. இது எந்தத் தோட்டம்?"

"கீழ்த் தோட்டம்"னாங்க மதர்.

"அதான். கீழ செம்மண்ணு, ஈரம் நிக்கும். மண்ணுதான் காரணம்." அவரே கேட்டு அவரே பதில் சொல்லிக்கிட்டார். அப்புறம் மழைக்குப் பின்னாடி அடிச்ச வெயில்தான் காரணம்னார். மலைக்காத்துன்னார். மதர் செபம்னாங்க. தொட்டி கழுவின விதம்னு ஒரு சிஸ்டர் சொன்னாங்க. ஆளுக்கொரு காரணம். ஒவ்வொண்ணும் எனக்கு ஊசி.

"சிஸ்டர் தெக்லா, நீங்க சொல்லுங்க. என்ன ரகசியம்?"னு என் பக்கம் திரும்பினார். "தினம் மூணு தரம் அமுக்கினேன், ஃபாதர்"னேன். பொய்யில்லை. பொய்யில்லாததை மட்டும் சொல்றது எவ்வளவு பெரிய பொய்னு இன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டேன்.

கிளம்பும்போது அவர் சொன்னது: "லூக்கா ஒண்ணு மட்டும் நல்லா இருந்து என்ன பிரயோசனம்? நாலையும் கலந்துருங்க. எல்லாப் பங்குக்கும் இந்த ருசி போகட்டும்."

வேண்டாம்னு சொல்ல வாயைத் திறந்தேன். ஏன்னு கேட்டா என்ன சொல்றது? மூடிட்டேன்.

பிப்ரவரி 3, சனி

கலந்தாச்சு. குழாய் போட்டு நாள் முழுக்க இங்கிருந்து அங்க, அங்கிருந்து இங்க. ஒரு தொட்டியில இருந்தது நாலுலயும் போயிருச்சு. லூக்காவை மட்டும் எப்படியாவது கவிழ்த்துவிட்டு, கால் தட்டிருச்சுன்னு அழுதுரலாம்னு ஒரு யோசனை வச்சிருந்தேன். அதுவும் போச்சு. ஐயோ சேசுவே, இப்ப எண்ணூறு லிட்டர்.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

நெத்தியில சாம்பல் வாங்கிட்டு வந்து நின்னா, மதர் வியாகுலத்துக்கிட்ட ஸ்டோர் சாவியைத் திருப்பி வாங்கிக்கிட்டு இருந்தாங்க. இனிமே அரிசி பருப்பெல்லாம் மதரே அளந்து குடுப்பாங்களாம். சீனின்னு யாரும் வாயைத் திறக்கலை. திறக்காமலே எல்லாருக்கும் தெரிஞ்சுது. வியாகுலம் சாவியை முந்தானையால துடைச்சுக் குடுத்தா.

மதியம் மதர் என்கிட்ட தனியா: "பன்னெண்டு வருஷம் நம்பினோம். புருஷன் போனதுல இருந்து கஷ்டம்போல. கேட்டிருந்தா குடுத்திருப்பேன். ஈஸ்டரோட நிறுத்திரலாம்னு இருக்கேன்"னாங்க.

நான் சாப்பாட்டைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தேன். உப்பா புளியான்னுகூடத் தெரியலை. வியாகுலம் இன்னைக்கு மடத்துல சாப்பிடலை. வீட்டுல இருந்து ஒரு தூக்குவாளி கொண்டு வந்திருந்தா.

பிப்ரவரி 24, சனி

பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். எழுதறேன். இங்கயாவது எழுதறேன்.

ஃபாதர் சந்தியாகு பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள்ள உக்காந்திருந்தார். கம்பித் தட்டிக்குப் பின்னாடி முழங்கால்ல நின்னு ஒரே மூச்சுல சொல்லிட்டேன். லூக்காவுல சீனி போட்டேன். பத்து கிலோ. மதியம், எல்லாரும் படுத்திருந்தப்ப, பையை முக்காட்டுக்குள்ள மறைச்சு எடுத்துட்டு வந்தேன். பயத்துல போட்டேன். இப்ப நாலுலயும் கலந்துருச்சு.

அந்தப் பக்கம் கைத்தடி தரையில ஒரு தடவை தட்டுச்சு.

"மகளே, இதை ஏன் எனக்கு இங்க வந்து சொன்னே?"ன்னார்.

"பாவமாச்சே, ஃபாதர்."

"பாவம்தான். ஆனா வெளியே வராண்டாவுல என்னைப் பிடிச்சு நிறுத்திச் சொல்லியிருந்தா, இந்த நிமிஷமே எல்லாத்தையும் நிறுத்தியிருப்பேன். பாவசங்கீர்த்தனத்துல கேட்டது முத்திரை வச்ச ரகசியம். இங்க கேட்டதை வச்சு நான் ஒரு விரலைக்கூட அசைக்க முடியாது. மதர்கிட்டச் சொல்ல முடியாது. ஆயர்கிட்டச் சொல்ல முடியாது. உன்கிட்டகூட வெளியே வந்து இதைப் பத்திக் கேக்க முடியாது. நாளைக்கு அந்த ரசத்தை என் முன்னாடி வச்சா, தெரியாதவன் மாதிரி எடுத்துத்தான் ஆகணும். புரியுதா?"

புரிஞ்சுது. பாரத்தை இறக்கி வைக்கப் போனவ, ஒரு வயசான மனுசன் தலையில ஏத்திட்டு வந்திருக்கேன். அவர் வாயையும் கட்டிட்டேன்.

"வெளியே வந்து மதர்கிட்டச் சொல்லு. இல்லை, என்கிட்டயே திரும்பச் சொல்லு. சொல்லுவியா?"

"சொல்றேன், ஃபாதர்."

அந்த வாக்கை நம்பிப் பாவமன்னிப்பு குடுத்தார். அவர் கூண்டை விட்டு வெளியே வந்தப்ப நான் வராண்டாவுலதான் நின்னேன். தடியை ஊனிக்கிட்டு என் முன்னாடி வந்து மெதுவா நடந்தார். ரொம்ப மெதுவா. நான் சொல்லலை. போயிட்டார்.

மார்ச் 1, வெள்ளி

இன்னையில இருந்து மடத்துச் சிற்றாலயத்துல புது ரசம்தான் வைக்கணும்னு மதர் சொல்லிட்டாங்க. பீடத்துக்கு அப்பமும் ரசமும் எடுத்து வைக்கிற வேலையும் என்னுதுதான். லுத்வினா சிஸ்டர் போட்டதுல ஒரே ஒரு பாட்டில் பீரோ பின்னாடி மிச்சம் இருக்கு. விரல் வச்சு அளந்தேன், பத்து விரல். புது ரசத்தைச் சின்னக் குப்பியில ஊத்துற மாதிரி பாவனை காட்டிட்டு, பழையதை ஊத்தி வச்சேன்.

பூசையில ஃபாதர் கிண்ணத்தை எடுத்தார். அவருக்கு எது குப்பியில இருக்குன்னு தெரியாது, கேக்கவும் முடியாது. குடிச்சார். கண்ணை மூடினார். இருபது வருஷமா லுத்வினா சிஸ்டர் ரசத்தைக் குடிச்ச நாக்கு. காம்பு விழாம, சூடு ஏறாம, அவங்க கையில வந்த அந்த மெலிசான துவர்ப்பு அவருக்குத் தெரியாதா? கண்ணைத் திறந்தப்ப ஒரு நொடி என் பக்கம் பாத்தார். அவ்வளவுதான்.

நாளைக்கு மதர்கிட்டச் சொல்லிருவேன்.

மார்ச் 2, சனி

நாளைக்கு.

மார்ச் 6, புதன்

எட்டு விரல்.

மார்ச் 11, திங்கள்

ஆறு விரல். மதர் ரூம் கதவு வரைக்கும் போனேன். உள்ள இருமல் சத்தம் கேட்டுச்சு. உடம்பு சரியில்லைபோல, தொந்தரவு பண்ண வேண்டாம்னு திரும்பிட்டேன். அவங்களுக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு. பத்து நிமிஷம் கழிச்சு தோட்டத்துல வெண்டைக்காய் பறிச்சுக்கிட்டு இருந்தாங்க. எனக்கு ஐம்பத்திமூணு வயசு. ஒரு கதவைத் தட்டப் பயப்படுறேன்.

கண்ணை மூடினா அறுபத்திரண்டு கோவில் தெரியுது. ஒவ்வொண்ணுலயும் ஒரு ஃபாதர் கிண்ணத்தைத் தூக்குறார், ஒவ்வொண்ணுலயும் யாரோ ஒருத்தர் செத்துப்போன அம்மாவுக்காக, பிள்ளைக்காகப் பூசை குடுத்துட்டு முழங்கால்ல நிக்கிறாங்க. உள்ள இருக்கிறது சீனித்தண்ணி. வெளியே சொன்னா என்னை எங்க அனுப்புவாங்கன்னு பயம். சொல்லாட்டி இது. ரெண்டு பக்கமும் பயம், நடுவுல நான்.

மார்ச் 16, சனி

மூணரை விரல். இருபதாம் தேதி ஆயர் இல்லத்து வேன் வருது. பாட்டில்ல அடைச்சு, லேபிள் ஒட்டி, பெட்டியில அடுக்கியாச்சு. லேபிள்ல அச்சடிச்சிருக்கு: சுத்தமான திராட்சை ரசம். ஒட்டினது என் கை.

வேன் வர்றதுக்குள்ள சொல்லிருவேன். பழைய ரசம் அதுவரைக்கும் தாங்கும்.

மார்ச் 17, ஞாயிறு

தாங்கலை. மதுரையில இருந்து மூணு ஃபாதர்மார் வந்து கூட்டுப் பூசை வச்சாங்க. பெரிய குப்பி நிறைய ஊத்த வேண்டியதாப் போச்சு. நாளைக்கு ஒரு பூசைக்கு மட்டும் அடியில இருக்கு.

மார்ச் 18, திங்கள்

தீந்துருச்சு. கவிழ்த்துப் பிடிச்சுக் கடைசிச் சொட்டு வரைக்கும் ஊத்தினேன்.

சாயங்காலம் வியாகுலம் வந்தா. ஜனவரிக்கு அப்புறம் என்கிட்ட அவளா வந்து பேசினது இதுதான் முதல் தடவை. "சிஸ்டர், நாளைக்கு சூசையப்பர் திருநாளு. இவரு போய் வருசம் ஒண்ணாச்சு. பூசை குடுத்திருக்கேன். காணிக்கை நேரத்துல அப்பமும் ரசமும் நானே எடுத்துட்டு வரலாம்னு ஃபாதர் சொன்னாரு. எப்படிப் பிடிக்கணும், எங்க நிக்கணும்னு சொல்லிக் குடுங்க"ன்னா.

சொல்லிக் குடுத்தேன். தட்டை ரெண்டு கையாலயும் பிடிக்கணும், படிகிட்ட நிக்கணும், தலை குனியணும். நல்லாக் கேட்டுக்கிட்டா.

"ஈஸ்டருக்கு அப்புறம் நான் வர மாட்டேன் சிஸ்டர், மதர் சொல்லிட்டாங்க. அதனால இவருக்கு இந்த ஒரு பூசையாவது நல்லபடியா நடக்கணும்"னா. அழலை. என் முகத்தைத்தான் பாத்தா. "உங்களுக்கு உடம்பு சரியில்லையா சிஸ்டர்? கண்ணு இப்படி உள்ள போயிருக்கு"ன்னு கேட்டா.

அவ என்னைப் பாத்து விசாரிக்கிறா. பூமி பிளந்து என்னை விழுங்கினா தேவலைபோல இருந்துச்சு.

மார்ச் 19, செவ்வாய்

எழுத்து கோணலா வருது. வரட்டும்.

காலையில குப்பியில புது ரசத்தை ஊத்தினேன். வேற வழியில்லை. தட்டுல வச்சேன். வியாகுலம் வெள்ளைச் சேலை கட்டி, பின் வரிசையில அவ அண்ணன் குடும்பத்தோட உக்காந்திருந்தா. ஃபாதர் பூசை ஆரம்பத்துல அவ புருஷன் பேரைச் சொல்லி, "சூசைமாணிக்கத்தின் ஆன்ம இளைப்பாற்றிக்காக"ன்னு சத்தமா வாசிச்சார்.

காணிக்கைப் பாட்டு ஆரம்பிச்சுது. வியாகுலம் தட்டை எடுத்துக்கிட்டு நடந்தா. நான் சொல்லிக் குடுத்த மாதிரியே ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தா. குப்பி சிந்திரக் கூடாதுன்னு அடி அடியா வச்சு வந்தா. என் வரிசையைத் தாண்டினப்ப அந்த ரசம் கண்ணாடியில ஆடுறது தெரிஞ்சுது. நல்ல நிறம். லுத்வினா சிஸ்டர் ரசத்தை விட நல்ல நிறம்.

எந்திரிச்சது எனக்கே தெரியாது.

"வியாகுலம், நில்லு. அதைக் குடுக்காதே."

பாட்டு நின்னுச்சு. எல்லாத் தலையும் திரும்புச்சு. மதர் முதல் வரிசையில இருந்து திரும்பினாங்க. ஹாஸ்டல் பார்வைதான்.

"அதுல சீனி இருக்கு, ஃபாதர்"னேன். குரல் வரலை. காத்துதான் வந்துச்சு.

ஃபாதர் சந்தியாகு காதுக்குப் பின்னாடி கையை வச்சுக்கிட்டார். "கேக்கலை, சிஸ்டர். என்ன சொன்னீங்க? எல்லாருக்கும் கேக்கற மாதிரிச் சொல்லுங்க"ன்னார்.

அவர் முகத்துல ஒண்ணுமே இல்லை. இப்பத்தான் முதல் தடவையாக் கேக்கப்போற மனுசன் முகம். இருபத்தஞ்சு நாளா அந்த முகத்தை எனக்காக வச்சிருந்திருக்கார்.

சத்தமாச் சொன்னேன். "ரசத்துல சீனி இருக்கு. ஜனவரியில லூக்கா தொட்டியில பத்து கிலோ சீனி போட்டேன். நான்தான். இப்ப எல்லாப் பாட்டில்லயும் இருக்கு. இது பூசைக்கு ஆகாது. வியாகுலம் ஒரு கை சீனிகூட எடுக்கலை. எடுத்தது நான்."

ஃபாதர் பீடத்து விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். அவ்வளவு நாள் அடக்கி வச்ச மூச்சு. "சரி. இப்ப எனக்குத் தெரியும்"னார். அப்புறம் என்கிட்டயே: "நோயாளி வீட்டுக்குக் கொண்டுபோற என் பெட்டி உள்ளறையில இருக்கு. அதுல லுத்வினா சிஸ்டர் குடுத்த பழைய ரசம் ஒரு சின்னக் குப்பியில இருக்கும். போய் எடுத்துட்டு வாங்க. வியாகுலம், அங்கேயே நில்லும்மா. உன் வீட்டுக்காரர் பூசை நடக்கும்."

ஓடினேன். பெட்டியில கட்டைவிரல் அளவு குப்பி. எடுத்துட்டு வந்து வியாகுலத்தோட தட்டுல வச்சு, மத்ததை எடுத்தேன். அவ என் முகத்தைப் பாக்கலை. தட்டைக் கொண்டுபோய்க் குடுத்துட்டுத் தலை குனிஞ்சா. பூசை நடந்துச்சு. நான் கடைசி வரைக்கும் முழங்கால்ல இருந்து எந்திரிக்கலை.

மத்தியானம் மதர் கூப்பிட்டாங்க. வேனை வர வேண்டாம்னு சொல்லியாச்சு. பங்குகளுக்கு அனுப்ப வேற மறைமாவட்டத்துல இருந்து ரசம் கேட்டு வாங்கப் போறாங்க. எண்ணூறு லிட்டரும் காடியாகப் போகுது. ஆயருக்கு நானே என் கைப்பட எழுதணும். என்னை என்ன பண்றதுங்கிறதை ஈஸ்டருக்கு அப்புறம் சொல்வாங்களாம். "சாம்பாருக்குப் பயந்து இப்படிப் பண்ணியா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். அவங்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. "நான் அன்னைக்கு அவ்வளவு பேசியிருக்கக் கூடாது"ன்னு சொன்னாங்க. ரொம்ப மெதுவா. அதுக்கப்புறம் வியாகுலத்தைக் கூப்பிட்டு, ஸ்டோர் சாவியை அவங்களே அவ இடுப்புல செருகி விட்டாங்க.

நான் சமையக்கட்டுக்குப் போய் வியாகுலத்துக்கிட்ட மன்னிப்பு கேட்டேன். அவ வெங்காயம் நறுக்கிக்கிட்டே இருந்தா.

"ரெண்டு மாசம் சிஸ்டர். ரெண்டு மாசம் நான் திருடி. என் அண்ணன் பொண்டாட்டிகூடக் கேட்டா, என்ன வியாகுலம், சீனி எடுத்தியாமேன்னு. நீங்க தினம் என் கையால காப்பி வாங்கிக் குடிச்சீங்க."

நான் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பிச்சேன்.

"பொங்கலைன்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? லுத்வினா சிஸ்டர் மழை வருசமெல்லாம் என்கிட்டத்தான் கிஸ்மிஸ் வாங்கிட்டுப் போவாங்க. அந்த டின் எங்க இருந்துச்சு தெரியுமா? சீனிப் பைக்குப் பக்கத்துல. சீனியை எடுக்கும்போது உங்க முழங்கை அதுல இடிச்சிருக்கும்."

சொல்லிட்டு வெங்காயத்தை வழிச்சு எடுத்துக்கிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிட்டா. இன்னைக்கு என்கிட்ட அதுக்கு மேல பேசலை. சாயங்காலம் காப்பி மட்டும் வந்துச்சு. சீனி போட்டிருந்தா, நிறைய. தெரிஞ்சுதான் போட்டாளான்னு தெரியலை. முழுசாக் குடிச்சேன்.

பயம் போயிருச்சான்னா, இல்லை. ஈஸ்டருக்கு அப்புறம் என்னன்னு இன்னும் தெரியலை. ஆனா ஒரு வேலை பாக்கி இருக்கு. நோட்டைப் பின்னால புரட்டி, விசேஷம் ஒண்ணுமில்லைன்னு எழுதின பக்கத்தை ஒரே கோடா அடிச்சுட்டேன். அதுக்குக் கீழ எழுதினதை இங்கயும் எழுதறேன், யாரும் தப்பாப் படிக்காம இருக்க:

ஜனவரி 13, சனி. வெயில். லூக்கா தொட்டி. சீனி, பத்து கிலோ. போட்டது தெக்லா.